போட்டி முடிந்த பிறகு மணல் எங்கே போகும்?

ஜீவனஹள்ளியில் வாலிபால் ஆடும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கடலே இல்லாத பெங்களூரில் பீச் வாலிபாலா என்று யாராவது உங்களிடம் கேட்டால், ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். டோக்கியோவில் ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நார்வேயின் ஆண்டர்ஸ் மோலும் கிறிஸ்டியன் சோரமும். 2024-இல் பாரிஸில் வாங்கியவர்கள் ஸ்வீடனின் டேவிட் ஓமனும் யோனாதன் ஹெல்விக்கும். இரண்டுமே வருஷத்தில் பல மாதம் வெளியில் மணலில் ஆட முடியாத குளிர் நாடுகள். சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரையே கிடையாது. அந்த நாட்டுப் பெண்கள் டோக்கியோவிலும் வெண்கலம் வாங்கினார்கள், பாரிஸிலும் வாங்கினார்கள். அவர்களுடைய க்ஷ்டாட் என்ற மலையூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து உலகச் சுற்றுப் போட்டி நடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அந்த ஊர் நம் பெங்களூரைவிடவும் உயரம்.

இந்த ஆட்டத்துக்கு வேண்டியது நல்ல மணல், ஒரு வலை, ஒரு பந்து, நான்கு பேர். இதில் மூன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நான்காவதான மணலைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

பெங்களூர் போன்ற பெரிய ஊர் ஒன்றில் சர்வதேச பீச் வாலிபால் போட்டி நடத்தினால் என்ன என்ற பேச்சு இனி அடிக்கடி வரும். 2023-இல் கோவாவில் உலகச் சுற்றின் ஒரு கட்டம் நடந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆண்கள் கிளப் உலகச் சாம்பியன்ஷிப் நம் ஊருக்கே வந்தது. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. டிசம்பர் 6 முதல் 10 வரை, கோரமங்களா உள்ளரங்கில். நம் ஏரியாவிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். அந்த ஐந்து நாளும் வாலிபால் உலகம் அங்கே இருந்தது, உங்களில் எத்தனை பேர் போனீர்கள் என்று தெரியவில்லை.

நான் போனேன். ஜப்பானின் சன்டோரி அணிக்காக ஆடிய ரஷ்யர் திமித்ரி முசெர்ஸ்கி 2 மீட்டர் 18 சென்டிமீட்டர் உயரம். டிவியில் அந்த உயரம் தெரியாது. வலைக்குப் பக்கத்தில் அவர் சும்மா நின்றபடி கையைத் தூக்கினாலே விரல்கள் வலையின் மேல்நாடாவைத் தாண்டிவிடுகின்றன. இத்தாலியின் பெருஜியா அணியில் செட்டர் ஜியானெல்லி பந்தைத் தொடும் நேரம் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. விரல் நுனியில் பட்டதா என்று நாம் யோசிப்பதற்குள் அடுத்தவர் அடித்து முடித்திருப்பார். இறுதி ஆட்டத்தில் பெருஜியா பிரேசிலின் மினாஸ் அணியை வென்று கோப்பையைக் கொண்டுபோனது. நம் நாட்டின் சார்பில் ஆடிய அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் முதல் சுற்றோடு நின்றுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிரைம் வாலிபால் லீக்கில் நம் டார்ப்பிடோஸ் அணியைத் தோற்கடித்துவிட்டு வந்தவர்கள். உலகத் தரத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அவர்கள் வழியாக நேரில் பார்த்தோம், அதுவும் தேவைதான்.

கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. 2024 போட்டியும் இந்தியாவில்தான் என்று அறிவித்திருந்தார்கள். அது பிரேசிலின் உபெர்லாந்தியாவுக்குப் போய்விட்டது. போகட்டும். ஆனால் உலகக் கோப்பை ஒன்று நம் ஊரில் ஐந்து நாள் தங்கிவிட்டுப் போனதற்கு அடையாளமாக ஜீவனஹள்ளியில் என்ன இருக்கிறது? லிங்கராஜபுரத்தில்? பானஸ்வாடியில்? ஒரு புதுக் கம்பம், ஒரு வலை, ஒரு கோடு? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. நீங்கள் இன்றும் ஒரு பக்கம் இரும்புக் கம்பத்திலும் மறுபக்கம் மரத்திலும் கயிறு கட்டித்தான் ஆடுகிறீர்கள்.

உள்ளரங்கப் போட்டியைப் பொறுத்தவரை இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அரங்கமும் தரைவிரிப்பும் பெயர்த்துக் கொடுக்கிற சாமான் இல்லை. பீச் வாலிபாலில் அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே போட்டிக்கென்று கொண்டுவந்து கொட்டுவது மணல். போட்டி முடிந்த மறுநாள் அதை யாராவது அள்ளியே ஆக வேண்டும். அள்ளிய மணல் எங்காவது போயே ஆக வேண்டும்.

லண்டனைப் பாருங்கள். 2012 ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் நடந்த இடம் ஹார்ஸ் கார்ட்ஸ் பரேட், பிரதமர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ராணுவ அணிவகுப்புத் திடல். அங்கே ஆயிரக்கணக்கான டன் மணலைக் கொட்டி, 15,000 பேர் உட்காரும் அரங்கத்தைத் தற்காலிகமாக எழுப்பினார்கள். ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தைப் பிரித்தார்கள், மணலைப் பொதுமக்கள் ஆடும் திடல்களுக்குக் கொடுத்தார்கள். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் பழைய மொத்தச் சந்தை இருந்த ஸ்மித்ஃபீல்டு இடத்தில் நடத்தினார்கள். நம்மூரில் கலாசிபாளையத்தில் நடத்துவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் பாரிஸில் ஐஃபில் கோபுரத்தின் அடியிலேயே நடந்தது. நகரத்தின் நடுவே, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் நடத்துவது இந்த ஆட்டத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் 2000-இல் சிட்னியில், ஊர்மக்கள் தினமும் குளிக்கும் போண்டை கடற்கரையிலேயே ஒலிம்பிக் அரங்கம் கட்டியபோது அந்தப் பகுதிக்காரர்கள் போராடினார்கள். எங்கள் மணலை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் கோபம். நம் கோரிக்கை நேர் எதிர்ப்பக்கம்: கொண்டுவந்த மணலை விட்டுப் போங்கள்.

இது கைகூடாத ஆசையா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பீச் வாலிபால் கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நீங்கள் ஆடும் ஆறு பேர் ஆட்டத்தின் கோர்ட் 18-க்கு 9. அதைவிட இது சின்னது. சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டால் 22-க்கு 14. மணல் ஆழம் குறைந்தது 40 சென்டிமீட்டர். பெருக்கினால் 123 கன மீட்டர் வருகிறது. மேஸ்திரியிடம் கேட்டால் யூனிட் கணக்கில் சொல்வார்: நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு யூனிட். எடை சுமார் 200 டன். டிப்பரில் பத்துப் பன்னிரண்டு லோடு. ஒரு மாடி வீடு கட்டும்போது நம் தெருவுக்குள் வந்து போகும் லாரிகளை எண்ணியிருப்பீர்கள், அதோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயமே இல்லை. சர்வதேசப் போட்டி என்றால் பிரதான கோர்ட், பக்கக் கோர்ட்டுகள், பயிற்சிக் கோர்ட்டுகள் எல்லாம் சேர்த்து ஆறாவது இருக்கும்; அவற்றில் சுற்றுவெளி இன்னும் அகலம். அந்த மணலைப் பிரித்தால் குறைந்தது ஆறு ஏரியாக்களில் ஒவ்வொரு கோர்ட் போடலாம்.

வீடு கட்ட வரும் எம்-சாண்டைக் கொட்டிவிட்டு கோர்ட் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாறையை உடைத்துச் செய்த மணல் அது. தூசு அதிகம், விளிம்பு கூர்மை. ஒரு தடவை டைவ் அடித்தால் முட்டி பிய்ந்துவிடும். மழை பெய்தால் தூசு இறுகித் தரை மாதிரி ஆகிவிடும். போட்டி மணல் வேறு: கல்லும் சிப்பியும் களைந்து, களிமண்ணும் தூசும் போகக் கழுவிச் சலித்தது. பெரும்பாலான பருக்கைகள் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். அதன்கீழே ஜல்லிப் படுகை, தண்ணீர் வடிய ஓட்டை போட்ட குழாய், ஜல்லியும் மணலும் கலக்காமலிருக்க நடுவில் ஒரு துணி. மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மழை பார்க்கும் நம் ஊருக்கு அந்த வடிகால்தான் உயிர். மங்களூர்க் கடற்கரையிலிருந்து அள்ளி வந்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கடலோரப் பாதுகாப்பு விதிகள் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதனால்தான், நல்ல மணலைத் தேடிப் பிடித்துக் கழுவி ஒரு போட்டிக்காகக் கொண்டுவந்த பிறகு அதைத் திருப்பி எங்கோ கட்டட வேலைக்கு விற்றுவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

தண்ணீர்? இந்தக் கேள்வியை உங்களிடம் பெரியவர்கள் நிச்சயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் நம் தெருக்களில் டேங்கருக்குக் குடத்தோடு நின்றதை யாரும் மறக்கவில்லை. காரைக் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிதண்ணீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த காலம் அது. மணல் கோர்ட்டுக்குப் புல்தரைபோல் தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வெயில் உச்சத்தில் கால் சுடாமலிருக்கவும் புழுதி பறக்காமலிருக்கவும் தெளித்தால் போதும். அதற்குச் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறது. சின்னசாமி ஸ்டேடியத்தின் புல்லுக்கே அந்த வருஷம் அதைத்தான் கொடுத்தார்கள். குடிதண்ணீரில் ஒரு சொட்டும் கேட்க மாட்டோம் என்பதை நீங்களே முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஆட்டத்தைப் பற்றி. உங்களில் பலர் ஆறு பேர் ஆட்டத்தில் உட்கார்ந்தே பழகியவர்கள். டீமில் உயரமான அண்ணன்கள் அடிப்பார்கள், சின்னப் பையன்கள் பந்து பொறுக்குவார்கள். பீச் வாலிபாலில் உட்கார இடமே இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர், மாற்று ஆள் கிடையாது. நீயே எடுக்க வேண்டும், நீயே செட் பண்ண வேண்டும், நீயே அடிக்க வேண்டும். விரலை விரித்துப் பந்தை வலைக்கு மேலே தள்ளிவிடும் அந்தச் சின்னத் தந்திரம் இங்கே ஃபால்ட். பிளாக்கில் பட்டாலும் மூன்று தொடுதலில் ஒன்றாகக் கணக்கு. 21 புள்ளி ஆட்டத்தில் இரு பக்கப் புள்ளிகளும் சேர்ந்து ஏழு ஏறும் ஒவ்வொரு தடவையும் பக்கம் மாற வேண்டும். காற்றும் வெயிலும் ஒருத்தருக்கே சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக.

அடுத்த முறை பார்க்கும்போது வலைக்கு அருகில் நிற்பவரின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். எதிராளி சர்வீஸ் வாங்கப்போகும் முன் இரண்டு கையையும் பின்னால் மறைத்து விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் கோட்டுப் பக்கம் மறைக்கிறேன், இரண்டு என்றால் குறுக்கே மறைக்கிறேன், மூடிய கை என்றால் பிளாக்குக்குப் போகவில்லை. இடது கை இடது பக்கத்து ஆளுக்கு, வலது கை வலது பக்கத்து ஆளுக்கு. பின்னால் நிற்கும் தோழர் அதைப் பார்த்து, மிச்சம் இருக்கும் இடம் முழுவதையும் ஒற்றை ஆளாகக் காக்க வேண்டும். இரண்டு பேர் ஒருவரையொருவர் இவ்வளவு நம்ப வேண்டிய ஆட்டம் வேறு எனக்குத் தெரியாது. பிள்ளைகள் பத்து வயதிலிருந்து ஒரு ஜோடியாக இதை ஆடி வளர்ந்தால், ஆறு பேர் ஆட்டத்துக்குப் போனாலும் அவர்களை யாராலும் உட்கார வைக்க முடியாது. ரயில்வேயிலும் தபால் துறையிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிய வாலிபால்காரர்கள் நம் நாட்டில் ஏராளம். அந்தக் கதவு உங்களுக்கும் திறக்கட்டும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பீச் வாலிபால் என்றதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு உடுப்பைப் பற்றியதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: 2012-இல் லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பே உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு விதியை மாற்றிவிட்டது, முழங்காலை ஒட்டிய ஷார்ட்ஸும் கை வைத்த மேல்சட்டையும் போட்டு ஆடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் தோவா எல்கோபாஷி 19 வயதில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, தலையில் ஹிஜாபோடு ஆடினார். பாரிஸிலும் வந்து ஆடினார். பிரேசர் டவுனிலிருந்தும் காக்ஸ் டவுனிலிருந்தும் சல்வாரோடு வரும் பெண்பிள்ளைகள் அப்படியே ஆடலாம். எந்தக் கோர்ட் வந்தாலும் சாயங்காலத்தில் குறிப்பிட்ட நேரம் பெண்களுக்கு மட்டும் என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக் கொடுக்காதீர்கள். எழுதி வைக்காத நேரத்தை அண்ணன்கள் எடுத்துக்கொள்வார்கள். நம் ஏரியாவில் இதுவரை நான் பார்த்தது அதுதான்.

கோர்ட் வந்த பிறகுள்ள வேலையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். மணல் குவிந்த இடத்தைத் தெருநாய் விடாது. ராத்திரி தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். காலையில் பற்பலகையால் வாரி, பாட்டில் சில்லும் ஊசியும் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே வெறுங்காலோடு இறங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ஓரத்துக்கு ஒதுங்கிய மணலை நடுவுக்கு இழுத்துச் சமன் செய்ய வேண்டும். இதற்கு முறை வைத்து ஆள் போடாத கோர்ட் ஆறு மாதத்தில் குப்பைமேடாகிவிடும், அப்போது எடுத்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே மனு கொடுப்பார்கள். நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும்.

போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2025 ஜூன் 4-ஆம் தேதி சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். கிரிக்கெட் கோப்பை வென்ற அணியைப் பார்க்க வந்த கூட்டம். செத்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள். இனி இந்த ஊரில் எந்த ஆட்டத்தைக் கூட்டிவந்தாலும், எத்தனை வாசல், எத்தனை பேருக்கு அனுமதி, இலவச டிக்கெட்டை எப்போது எப்படிக் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொன்ன பிறகுதான் வலை கட்ட வேண்டும். அதைச் சொல்லாத போட்டிக்கு நீங்களும் போகாதீர்கள், தம்பிகளையும் அனுப்பாதீர்கள்.

நம் தாத்தாக்கள் கண்டோன்மென்ட் காலத்தில் பட்டாளத்தோடும் ரயிலோடும் ஆலை வேலையோடும் இந்தப் பக்கம் வந்தவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளம் இன்றும் இருக்கிறது. நாலு தலைமுறையாக இங்கே வாழ்கிறோம். ஆனாலும் திடல் வேண்டும் என்று அலுவலகத்தில் போய்க் கேட்கும்போது விருந்தாளி மாதிரிக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் வேண்டாம். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று கர்நாடகத்தில் 1985-லேயே சட்டம் இருக்கிறது. அது ஜீவனஹள்ளிக்கும் பொருந்தும். 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து வருஷக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் இருந்தோம். 2025-இல் பழைய மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. புதுசாக வரும் அதிகாரிகள் எந்த ஏரியாவில் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைக்கும் நேரம் இது. கேட்காத ஏரியாவின் பெயர் அந்தக் குறிப்பில் இருக்காது.

ஆகவே இந்த மாதமே ஒரு மனு எழுதுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள். உங்களோடு ஆடும் கன்னடப் பிள்ளைகள், உருது பேசும் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடமும் வாங்குங்கள்; அவர்கள் நேரத்தில் ஆட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தே வாங்குங்கள். 22-க்கு 14 மீட்டர் இடம் எங்கே இருக்கிறது என்று நீங்களே நாடா பிடித்து அளந்து, படம் வரைந்து இணையுங்கள். ஒரு படியை மாநகராட்சிக்கும், ஒன்றை மாநில விளையாட்டுத் துறைக்கும், ஒன்றை வாலிபால் சங்கத்துக்கும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். மனுவில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: பெங்களூரில் சர்வதேச பீச் வாலிபால் போட்டி நடத்த அனுமதி கேட்கும் எவரும், போட்டி முடிந்ததும் மணலை எந்தெந்த ஏரியாவுக்குக் கொடுப்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் ஜீவனஹள்ளி இருக்க வேண்டும். இறக்கும் செலவும் வடிகால் செலவும் அவர்களுடையது.

எழுதி முடித்ததும் என்னிடமும் கொண்டுவாருங்கள். மனுவின் முதல் கையெழுத்தாக இல்லாவிட்டாலும் பெரியவர்கள் பக்கத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஏரியாக்காரன்